துண்டு போட்ட இடம்

என் ஆய்வு வழிகாட்டி ஈஸ்வரி மேடம் சுற்றி வளைக்கமாட்டார். பிரசவப் பகுதியின் வரைபடம் அடுத்த மாதக் கடைசியில் முடிவாகிவிடும் என்றார். அதற்குள் மூன்று அமர்வுகள் நடத்தி, மக்கள் சொன்னதை வரைந்து, பொறியாளர் முன்னால் வைக்க வேண்டும். என்னால் முடியாது என்றால் என் ஜூனியர் மோகன்ராஜிடம் கொடுத்துவிடுவார். உதவித்தொகையும் அதோடு அவனுக்குப் போகும். என் முனைவர் பட்டம் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"யோசிச்சு சொல்லு வரதன். வேண்டாம்னா தப்பு இல்ல. அந்த முதல் அத்தியாயத்துல ஆய்வாளர் யாருன்னு எழுதற பக்கம் இருக்கு பாரு, அது இன்னும் காலியாவே இருக்கு. அதையும் யோசி."

செய்கிறேன் என்றேன். யோசிக்கவில்லை. வேண்டாம் என்று சொல்வதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

என் துறைக்குப் பங்கேற்பு வடிவமைப்பு என்று பெயர். ஒரு மருத்துவமனையைக் கட்டுவதற்கு முன்பு அதில் படுக்கப்போகிறவர்கள், வேலை செய்யப்போகிறவர்கள், கூட இருக்கப்போகிறவர்கள் எல்லோரையும் கூட்டி, அவர்களையே வடிவமைக்கச் சொல்வது. என் மனைவி ஜெபாவிடம் இதை முதன்முதலில் விளக்கியபோது அவள் சொன்னாள்: "அதாவது நீ சும்மா இருப்ப. மத்தவங்க வரைவாங்க. டாக்டர் பட்டம் மட்டும் உனக்கு." எந்த ஆய்வுக் கட்டுரையிலும் இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் படித்ததில்லை.

பிரசவப் பகுதியை ஆய்வுக்கு எடுத்தபோது எங்களுக்குக் கல்யாணம் ஆன புதிது. பிறகு ஜெபா உண்டானாள். பிறகு இறந்தாள். குழந்தையும். அது ஒரு தனியார் மருத்துவமனை. பிரசவ அறை மாடியில். கூட வந்தவர்கள் கீழே தொலைக்காட்சி வைத்த கூடத்தில் உட்கார வேண்டும். நல்ல நாற்காலிகள், குளிர்சாதனம். மேலே வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஜெபா என்னை வரச் சொல்லிக் கேட்டாளாம். எனக்குக் காதில் விழவில்லை. நான் வந்திருந்தாலும் எதுவும் மாறியிருக்காது என்று மருத்துவர் சொன்னார். உண்மையாகத்தான் இருக்கும்.

அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கும் மேலாக நான் எந்தப் பிரசவப் பகுதிக்கும் போகவில்லை. கல்லூரிக்குப் போனேன். மற்றவர்களின் கட்டுரைகளைத் திருத்திக் கொடுத்தேன். மதியம் தயிர் சாதம் சாப்பிட்டேன். என்னிடம் எல்லோரும் மெதுவாகப் பேசினார்கள்.

வேப்பம்பட்டில் வீடு. அங்கிருந்து கும்மிடிப்பூண்டிக்கு பேசின் பிரிட்ஜில் இறங்கி ரயில் மாற வேண்டும். உட்கார இடம் இருந்தாலும் நான் வாசலில்தான் நிற்பேன். மீஞ்சூரிலும் பொன்னேரியிலும் தொழிற்பேட்டைக்குப் போகிறவர்கள் ஏறுவார்கள். வண்டி நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டு வந்து விழும், சாப்பாட்டுப் பை வந்து விழும். துண்டு விழுந்த இடம் துண்டுக்காரனுடையது. அவன் நிதானமாக டீயைக் குடித்துவிட்டு ஏறுவான். ஒருவரும் கேள்வி கேட்பதில்லை. என் அப்பா இங்கே இரும்பை உருட்டிக் கம்பியாக்கும் ரோலிங் மில்லில் இருந்த காலத்திலும் இப்படித்தான்.

எங்கள் ஆய்வுக்குக் கொடுத்திருந்த சுகாதார நிலையம் தொழிற்பேட்டைக்கும் எளாவூருக்கும் நடுவில், நெடுஞ்சாலையை விட்டுச் சற்று உள்ளே இருந்தது. பழைய கட்டடம் ஒன்று. அதன் பின்னால் புதிதாகப் பிரசவப் பகுதி வரப்போகிறது. வளாகத்தின் ஓரத்தில் முகாம் நடத்தும் கூடம் ஒன்று சும்மா கிடந்தது. மோகன்ராஜும் நானும் அதன் தரையில் புதிய கட்டடத்தை நிஜ அளவில் சாக்பீஸால் வரைந்தோம். தொழிற்சாலைகளில் கழித்துப்போட்ட அட்டைப் பெட்டிகளை வெட்டிச் சுவர் வைத்தோம். பெட்டிகளை அடுக்கிக் கட்டில் செய்தோம். பிரசவ அறை ஜன்னல் பக்கமாக வந்தது. கூட வருபவர்களின் காத்திருப்புக் கூடம் மட்டும் உள்ளே அடங்கவில்லை. அதிகாரப்பூர்வ வரைபடத்தில் அது முன்பக்கம், கேட்டுக்குப் பக்கத்தில். ஆகவே அதே தூரத்தில் கேட்டுக்குப் பக்கத்திலிருந்த தகரக் கொட்டகையில் நாற்காலிகளைப் போட்டு, அதுதான் கூடம் என்று வைத்துக்கொண்டோம்.

முதல் அமர்வு வீணாகப் போனது. பெண்கள் வந்தார்கள். அட்டைக் கட்டிலைத் தொட்டுப் பார்த்தார்கள். எது சரியில்லை என்று கேட்டேன். எல்லாம் நல்லா கீது சார் என்றார்கள். என்ன மாற்றலாம் என்றேன். நீங்க படிச்சவங்க, உங்களுக்குத் தெரியாததா என்றார்கள். சுண்டலைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

பிரசவப் பகுதியின் செவிலியர் சாராள் சிஸ்டர் சுவரில் சாய்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருடமாக அங்கேயே இருப்பவர். முழங்கால் வலி. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று உட்காரவே மாட்டார்.

"என் மூஞ்சிக்கு முன்னாடி குத்தம் சொல்லுவாங்களா சார்? நாளைக்கு நான் ஊசிய அழுத்திப் போட்டுட்டா?" என்றார்.

கடைசியில் ஒருவன் வந்தான். பெயர் லோகு. ரோலிங் மில்லில் வேலை. மனைவி ஏஞ்சலை அழைத்துப்போக வந்திருந்தான். அவளுக்கு ஏழாவது மாதம். லோகு நாம் பேசும்போது தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு நம் வாயையே பார்ப்பான். அட்டைக் கட்டிலைச் சுற்றி வந்தான்.

"இதுல படுத்தா பார்சல் கட்டி அனுப்பிடுவாங்க போலகீதே சார். ஏஞ்சலு, அட்ரஸ் கரெக்டா எழுதி ஒட்டிக்க."

ஏஞ்சல் அவன் முதுகில் ஒரு அடி வைத்தாள். என்னிடம் யாரும் அந்தக் குரலில் பேசி ரொம்ப நாள் ஆகியிருந்தது. லோகு அடுத்து, ஆம்பளைங்க எங்க இருக்கணும் என்று கேட்டான். தகரக் கொட்டகையைக் காட்டினேன். அவன் பிரசவ அறையைப் பார்த்தான், கொட்டகையைப் பார்த்தான். அடுத்த சனிக்கிழமை யார் வேண்டுமானாலும் வரலாமா என்று மட்டும் கேட்டான். வரலாம் என்றேன். இந்த முறை கேள்வி எதுவும் கிடையாது, அவரவர் எங்கே இருக்க விரும்புகிறார்களோ அங்கே போய் இருந்தால் போதும் என்று எல்லோருக்கும் சொல்லி அனுப்பினேன்.

அடுத்த சனிக்கிழமை நாங்கள் போய்க் கூடத்தைத் திறந்தபோது உள்ளே துண்டுகள் கிடந்தன. பச்சைக் கட்டம் போட்ட துண்டு, காவித் துண்டு, கம்பெனி பெயர் போட்ட துண்டு. தொப்பிகள். கசங்கிய ஒரு சட்டை. அட்டைச் சுவர் ஒன்று சாய்ந்திருந்தது. கூடத்தின் ஜன்னல்களில் கண்ணாடி இல்லை, கம்பி மட்டும்தான்.

மோகன்ராஜ் வழக்கப்படி முதலில் படம் எடுத்தான். திறந்ததும் படம் எடுப்பது எங்கள் வேலைமுறை. பிறகு, "யாரோ வேணும்னே பண்ணியிருக்காங்கண்ணா" என்று பொறுக்க ஆரம்பித்தான். நானும் பொறுக்கினேன். பெண்கள் வருவதற்குள் இடம் சுத்தமாக வேண்டும். கைநிறையத் துண்டுகள். எண்ணெய் வாசனை, இரும்பு வாசனை.

சாராள் சிஸ்டர் வாசலில் நின்றார்.

"யாரோட இடத்த சார் எடுக்கறீங்க? அவனவன் ஃபர்ஸ்ட் ஷிப்ட்டுக்குப் போற வழியில போட்டுட்டுப் போயிருக்கான். பொண்டாட்டி வந்து இன்னாத்த தேடுவா?"

நான் கையிலிருந்த துண்டைப் பார்த்தேன். இதை தினமும் ரயிலில் பார்க்கிறேன். அப்பாவின் துண்டைச் சிறுவயதில் நானே ஜன்னல் வழியாக எறிந்திருக்கிறேன். மருத்துவமனை என்று வரைந்து வைத்த தரையில் கிடந்ததால் அடையாளம் தெரியவில்லை.

கூட்டம் வரும், மனைவிக்கு இடம் கிடைக்காது என்று நினைத்திருக்கிறார்கள். அவர்களால் பத்து மணிக்கு வர முடியாது. ஆகவே ரயிலில் செய்வதை எங்கள் அட்டை ஆஸ்பத்திரிக்கும் செய்திருக்கிறார்கள். மோகன்ராஜ் கைப்பேசியைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு துண்டையும் கிடந்த இடத்திலேயே திரும்பப் போட்டேன். போடும்போதுதான் கவனித்தேன். ஏறக்குறைய எல்லாமே ஒரே இடத்தில் கிடந்தன. பிரசவ அறையின் கதவை ஒட்டிய நடைபாதை. வரைபடத்தில் அங்கே எதுவும் கிடையாது. காலியாக வைக்கவும் என்று எழுதியிருக்கும்.

பெண்கள் வந்தார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை. நேரே போய் அவரவர் வீட்டுத் துண்டை எடுத்து உதறி, அதே இடத்தில் விரித்து உட்கார்ந்தார்கள். ஏஞ்சல் பச்சைக் கட்டத் துண்டின் மேல் ஒரு கையை ஊன்றி மெதுவாக உட்கார்ந்தாள். கேட்டோரம் நாற்காலிகள் காலியாக இருந்தன. அங்கே மின்விசிறிகூட ஓடிக்கொண்டிருந்தது.

ஏன் அங்கே யாரும் போகவில்லை என்று கேட்டேன். கேள்வி கேட்கமாட்டேன் என்று சொல்லியிருந்ததை மறந்துவிட்டேன். மற்றவர்கள் ஏஞ்சலைப் பார்த்தார்கள்.

"அங்க குந்தினா கூப்புடறது காதுல உழாது சார். எங்க ஊட்டுக்காரருக்கு மெஷின் சத்தத்துல ஒரு காது போயிடுச்சு. இன்னொன்னும் பாதிதான். இவங்க எல்லாரு ஊட்லயும் அதே கததான். பேரச் சொல்லிக் கூப்புட்டு ஆளு வரலன்னா, வெளிய போய்ட்டான், குடிக்கப் போய்ட்டான்னு எழுதிக்குவாங்க. அவரு அங்கயேதான் குந்திக்கினு இருப்பாரு."

நான் வெளியே போனேன். குழாயைத் திறந்து கையைக் கழுவினேன். கையில் ஒன்றும் இல்லை. நெடுஞ்சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. மறுபடியும் கழுவினேன். பிறகு உள்ளே வந்தேன்.

உள்ளே சண்டை நடந்துகொண்டிருந்தது. சாராள் சிஸ்டர் ஒத்துக்கொள்ளவில்லை. உள்ளே பொம்பளைங்க துணி விலகிக் கிடப்பாங்க, கதவைத் திறந்தால் எல்லாம் தெரியும், இதில் குடித்துவிட்டு வருகிறவனும் இருப்பான், ஆண்களை வாசலில் உட்காரவைத்தால் பேஜார் என்றார். அதுவும் நியாயம்தான் என்று சில பெண்கள் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். எந்தக் கேள்விக்கும் நல்லா கீது என்று சொன்னவர்கள் இப்போது ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிப் பேசினார்கள். மோகன்ராஜ் யார் பேசுவதைப் பதிவுசெய்வது என்று தெரியாமல் திரும்பிக்கொண்டே இருந்தான்.

ஏஞ்சல் சாக்பீஸை வாங்கினாள். கதவுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சை வரைந்தாள். ஆனால் கதவுக்கு முதுகைக் காட்டியபடி.

"இப்டி திரும்பிக்கினு குந்தட்டும் சிஸ்டர். காதுதான வேணும். கண்ணு இன்னாத்துக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். சிஸ்டர் சிரிக்கவில்லை. அந்தக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஒரு அட்டையை எடுத்துவந்து பெஞ்சுக்கும் கதவுக்கும் நடுவில் குறுக்காக நிறுத்தினார். இடுப்பளவு போதாது, தலைக்கு மேல் வேண்டும் என்றார். அவ்வளவுதான். அது அன்றைக்கே முடிவானது.

ஈஸ்வரி மேடம் படங்களைப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"துண்டு ஜன்னல் வழியா வந்திருக்கு. பிரசவ அறையும் ஜன்னல் பக்கம்தான் இருந்தது. இது அவங்க தேர்ந்தெடுத்த இடமா, ஜன்னல் தேர்ந்தெடுத்த இடமா?"

பெண்கள் வாயாலேயே சொன்னார்கள் மேடம் என்றேன். உட்கார்ந்த பிறகு காரணம் சொல்வது யாருக்கும் சுலபம் என்றார். நடைபாதையைக் காலியாக வைப்பதற்குப் பொறியாளரிடம் விதி இருக்கிறது, ஸ்ட்ரெச்சர் திரும்ப வேண்டும், நம்மிடம் துண்டு மட்டும்தான் இருக்கிறது. அவர் இதைக் கேட்டால் நீ என்ன சொல்வாய்?

எனக்குக் கோபம் வந்தது. அறையை விட்டு வந்து மாடிப்படியில் நின்றேன். கோபம்தான், சந்தேகமே இல்லை. ஒரு வருடத்துக்கும் மேலாகக் காலியாக இருந்த வீட்டில் யாரோ விளக்கைப் போட்டதுபோல இருந்தது. மேடம் கேட்டது சரியான கேள்வி. அதனால்தான் அவ்வளவு கோபம்.

வெள்ளிக்கிழமை நானும் மோகன்ராஜும் போய் முழுக் கட்டடத்தையும் திருப்பிப் போட்டோம். கோடுகளை அழித்து, சுவர்களைப் பிரித்து, பிரசவ அறையை ஜன்னல்கள் இல்லாத எதிர்மூலைக்குக் கொண்டுபோனோம். ஜன்னலுக்குக் கீழே இப்போது மருந்துக் கிடங்கும் துணி வெளுக்கும் இடமும். ஜன்னல்களைத் திறந்தபடியே விட்டோம். காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. சாராள் சிஸ்டர் எட்டிப் பார்த்து, வாஸ்து சரியில்லையா சார் என்று கேட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் வழக்கத்தைவிட முந்திய ரயிலைப் பிடித்தேன். வழியெல்லாம் கணக்குப் போட்டேன். துண்டுகள் மருந்துக் கிடங்கில் விழுந்து கிடந்தால் எங்கள் ஆய்வு ஜன்னலைப் பற்றிய ஆய்வு. வரைபடம் அப்படியே கட்டப்படும். கொட்டகைக்குப் பதில் நல்ல கூடம், நல்ல நாற்காலிகள். ஏஞ்சலின் பிள்ளைக்கு அது எப்படியும் உதவாது, கட்டி முடிக்க இரண்டு வருடம் ஆகும். ஆனால் அதற்குப் பிறகு யாரோ ஒருவன் அங்கே உட்கார்ந்திருப்பான். அவனைக் கூப்பிடுவார்கள்.

கூடத்தின் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன்; அட்டைச் சுவர்கள் மறைத்ததுபோக ஜன்னலடி மட்டும்தான் தெரிந்தது. ஜன்னலுக்குக் கீழே எதுவும் கிடக்கவில்லை. ஒரு துண்டுகூட இல்லை.

மேடம் எதிர்பார்க்காத பதில் அது. வரவே இல்லை என்பது. அலுத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்தேன். அதற்கு மேல் எதுவும் நினைக்காமல் சாவியைப் போட்டேன். பூட்டு ஏற்கனவே திறந்திருந்தது.

எதிர்மூலையில் துண்டுகள் வரிசையாக விரிந்திருந்தன. எறிந்தவை இல்லை, விரித்தவை. பிரசவ அறையின் கதவை ஒட்டி, ஏஞ்சல் போன வாரம் வரைந்த பெஞ்சை அட்டைப் பெட்டிகளால் யாரோ கட்டியிருந்தார்கள். அதன் மேல் மூன்று பேர், கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நைட் ஷிப்ட் முடிந்து நேரே வந்தவர்கள். நடுவில் லோகு. வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான்.

பின்னாலேயே சாராள் சிஸ்டர் வந்தார். பொழுது விடிந்ததும் விடியாததுமாக இந்தப் பசங்க வந்து வார்டு கதவைத் தட்டி, சாவியைக் கொடுக்கும்வரை நகரவில்லையாம். ஜன்னலில் போடவேண்டியதுதானே என்றால், ஜன்னலில் போட்டால் மருந்து ரூமில் விழுகிறதாம்.

"இவனுங்களுக்கு ஆஸ்பத்திரி கட்டறதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிடணும் சார். நாஷ்டாகூட துன்னல இன்னும். கதவு தொற, கதவு தொறன்னு."

மோகன்ராஜ் வந்ததும் படம் எடுத்தான். முதல் படம் ஆடிப்போயிருந்தது. சிரிப்பை அடக்கினான் என்று பிறகு தெரிந்தது.

இன்னொன்றும் செய்துபார்க்கலாம் என்று அவன்தான் சொன்னான். சிஸ்டர் பிரசவ அறை வாசலில் நின்று, தினமும் கூப்பிடுகிற அதே குரலில் கூப்பிட வேண்டும். எங்கெங்கே இருப்பவர்களுக்குக் கேட்கிறது என்று பார்ப்போம். லோகுவை எழுப்பி விஷயத்தைச் சொன்னோம். பரீட்சையா சார், பாஸானா இன்னா தருவீங்க என்றான். பெஞ்சில் அவனும் இன்னொருவரும். மற்றவர் நடைபாதையின் கடைசியில். கேட்டோரக் கொட்டகையில் உட்கார ஆள் வேண்டும். காது நன்றாகக் கேட்கிற ஒருவர் இருந்தால் ஒப்பிடலாம் என்றான் மோகன்ராஜ்.

நான் போனேன்.

நாற்காலியில் உட்கார்ந்தேன். மின்விசிறி சுற்றியது. நெடுஞ்சாலையில் ஒரு டேங்கர் லாரி போனது, பின்னாலேயே இன்னொன்று. கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. கேட்டில் யாரோ பைக்கை உதைத்துக்கொண்டிருந்தார்கள். நான் கவனமாகக் காத்திருந்தேன். காதைத் தீட்டிக்கொண்டு என்பார்களே, அப்படி. எதற்காக உட்கார்ந்திருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். எந்தக் குரல் வரும், என்ன சொல்லும் என்பதும் தெரியும்.

மோகன்ராஜ் ஓடி வந்தான். "அண்ணா, மூணு தடவை கூப்பிட்டாச்சு. இங்க கேட்டதா?"

"இல்ல."

"ஒரு தடவைகூடவா?"

"இல்ல. எனக்குக் காது நல்லா கேக்கும், மோகன்."

"தெரியும்ணா. அதான் எழுதிக்கறேன்."

அவன் எழுதிக்கொண்டு திரும்பிப் போனான். நான் அங்கேயே இருந்தேன். ஜெபா இறந்த மருத்துவமனையில் இரண்டு மாடி, மூடிய கண்ணாடிக் கதவுகள், தொலைக்காட்சி. யாருக்கும் கேட்டிருக்காது. அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தாலும் கேட்டிருக்காது. இதை முன்பும் பலர் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். அம்மா சொன்னாள், பாஸ்டர் சொன்னார். இன்றைக்குத்தான் அளந்து பார்த்தோம்.

உள்ளேயிருந்து ஆட்கள் வந்து எட்டிப்பார்க்கும்வரை அழுதேன் என்று நினைக்கிறேன். லோகு வந்தான். ஏன் என்று கேட்கவில்லை. அவனுக்கு மோகன்ராஜ் சொல்லியிருக்கலாம். என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, நல்ல காது என் பக்கம் வருமாறு திரும்பிக்கொண்டான்.

"நான் பாஸு சார். நீங்கதான் ஃபெயிலு."

"ஆமாம்" என்றேன்.

அன்று திரும்பும்போது ரயிலில் உட்கார்ந்தேன். மடிக்கணினியைத் திறந்து அந்தக் காலிப் பக்கத்தை எழுத ஆரம்பித்தேன். பங்கேற்பு ஆய்வில் ஆய்வாளர் தான் யார், எங்கே நின்று பேசுகிறார் என்று சொல்லியாக வேண்டும். நான் எழுதியது இது: இந்த ஆய்வைச் செய்பவர் பிரசவ அறைக்கு வெளியே காத்திருந்தவர். அவர் உட்காரவைக்கப்பட்ட இடத்தில், உள்ளே கூப்பிடுவது கேட்காது. மீஞ்சூர் வரும்போது பக்கம் முடிந்திருந்தது. ஈஸ்வரி மேடம் பிறகு அதில் ஒரு காற்புள்ளியை மட்டும் எடுத்தார்.

கூட்டம் திருவள்ளூரில் ஒரு அலுவலகத்தில் நடந்தது. பொறியாளர் நல்ல மனிதர், அவசரத்தில் இருந்தார். துண்டுப் படங்களைப் பார்த்துச் சிரித்தார். பிறகு மேடம் சொன்ன அதே கேள்வியைக் கேட்டார். ஜன்னல்? கட்டடத்தைத் திருப்பிப் போட்ட பிறகு எடுத்த படத்தைக் காட்டினேன். அவர் சிரிப்பதை நிறுத்தினார். ஸ்ட்ரெச்சர் திரும்புவதைப் பற்றிக் கேட்டார். சாராள் சிஸ்டர் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தார். மருந்துக் கிடங்கு அவ்வளவு பெரிதாக வேண்டாம், பாதி இடத்தில் எலிதான் இருக்கும், அந்தச் சுவரைத் தள்ளினால் பெஞ்சும் போடலாம், ஸ்ட்ரெச்சரும் திரும்பும் என்றார். பொறியாளர் பென்சிலால் சுவரைத் தள்ளினார். திருத்திய வரைபடத்தை வாரக் கடைசிக்குள் கொடுங்கள் என்று என்னிடம் சொன்னார். என்னிடம்தான். மோகன்ராஜ் மேசைக்கு அடியில் என் காலை உதைத்தான். உதவித்தொகை அவனுக்குப் போகவில்லை என்பதில் அவனுக்கு என்ன அவ்வளவு சந்தோஷம் என்று தெரியவில்லை.

வெளியே வந்ததும் சிஸ்டர், எப்ப கட்டுவாங்க என்று கேட்டார். இரண்டு வருடம் ஆகலாம் என்றேன். அவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே பஸ்ஸுக்கு நடந்தார். திங்கட்கிழமை காலை, கேட்டோரக் கொட்டகையில் கிடந்த மர பெஞ்சை இரண்டு பேரை வைத்துத் தூக்கிவரச் செய்து, பழைய கட்டடத்தின் பிரசவ அறை வாசலில் போட்டுவிட்டார். கதவுக்கு முதுகைக் காட்டியபடி. நடுவில் ஒரு பச்சைத் திரை. யாரிடமும் அனுமதி வாங்கவில்லை என்று மோகன்ராஜ்தான் எனக்குச் சொன்னான்.

மழை ஆரம்பித்த ஒரு நாள் மதியம் கல்லூரியில் இருந்தபோது கைப்பேசி அடித்தது. தெரியாத எண். எடுத்ததும் எதிர்முனையில் சத்தமாக, காது கேட்காதவர்கள் பேசும் சத்தத்தில்:

"சார், லோகு. பொண்ணு."

பயந்துவிட்டேன் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். ஏஞ்சலுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். திட்டிக்கினு கீறா சார், நல்லா கீறா என்றான். கேட்கவேண்டிய இன்னொன்று இருந்தது.

"கூப்பிட்டது கேட்டதா லோகு?"

"இன்னா?"

உரக்கக் கேட்டேன். கூடத்தில் இரண்டு மாணவிகள் திரும்பிப் பார்த்தார்கள்.

"கேட்டுச்சு சார். மொத தபாவே கேட்டுச்சு. சிஸ்டர் 'ஏஞ்சல் கூட வந்தவங்க'ன்னு முடிக்கறதுக்குள்ள நான் எழுந்து நின்னுட்டேன்." பிறகு குரலைத் தணிக்க நினைத்துத் தணிக்க முடியாமல் சொன்னான்: "ஆனா சார், அந்த பெஞ்சு சுத்த மோசம். சாய மாட்டேங்குது, ஒரே கட்ட. ராத்திரி பூரா குந்தி முதுகு கழண்டுடுச்சு. புதுசுல ஒழுங்கா சாயற மாதிரி வரைங்க."

சரி என்றேன். மேசைக்கு வந்து வரைபடத்தைத் திறந்தேன். பெஞ்சுக்கு முதுகு வரைந்தேன். முதலில் வரைந்தது நேராக இருந்தது. அதை அழித்துவிட்டுக் கொஞ்சம் சாய்த்து வரைந்தேன்.